நடந்தவர்கள் போட்ட வழி



மகாராஷ்டிர மாநிலத்தில் சந்திரபாகை ஆற்றங்கரையில் பண்டரிபுரம் இருக்கிறது. ஆஷாட ஏகாதசி நாளில் அங்குள்ள விட்டலர் கோயிலுக்கு லட்சக்கணக்கான மக்கள் நடந்தே வந்து சேருகிறார்கள். இந்த நடைப்பயணத்துக்கு ‘வாரி’ என்று பெயர். வருடந்தோறும் தவறாமல் நடப்பவர் வார்கரி.

இந்த வழக்கம் ஞானேசுவரர், நாமதேவர் ஆகிய அருளாளர்கள் வாழ்ந்த 13ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. ஞானேசுவரர் 1296இல் ஆளந்தி என்ற ஊரில் சமாதியானார். பிற்காலத்தில், 19ஆம் நூற்றாண்டில், ஹைபத்பாபா என்ற அடியவர் ஆளந்தி நடையை ஒழுங்குபடுத்தினார். ஞானேசுவரரின் பாதுகைகள் பல்லக்கில் செல்லும். முன்னும் பின்னும் ‘திண்டி’ எனப்படும் குழுக்கள் பாடிக்கொண்டு வரிசையாக நடக்கும். புனே, சாஸ்வட், ஜேஜுரி, லோணந்த், பல்டண் வழியாக ஏறத்தாழ 250 கிலோமீட்டர், மூன்று வாரத்துக்குச் சற்றுக் குறைவான நாட்கள்.

வழிநெடுக ஊர்மக்கள் சோறும் தண்ணீரும் கொடுப்பார்கள். வார்கரிகள் ஒருவரையொருவர் ‘மாவுலி’ என்று அழைப்பார்கள். தாய் என்பது அதன் பொருள். மூத்தவர் இளையவர் பாராமல் ஒருவர் காலை ஒருவர் தொட்டு வணங்குவார்கள்.

இன்றைய அரசும் இந்தக் காலடித் தடத்தின் வழியே சாலை போடுகிறது. பல்லக்கு வழியை நான்குவழி நெடுஞ்சாலையாக்கவும், இருபுறமும் நடப்பவர்களுக்குத் தனிப்பாதை அமைக்கவும் 2021 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. வாகனத்தில் வரும் பயணிகளுக்கும் இனி அதுவே வழி.

ஆனால் இந்த வழியில் ஒரு குறையும் இருந்தது. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சோகாமேளர் விட்டலரை நினைந்து உருகிப் பாடியவர். மகார் குலத்தில் பிறந்தார் என்பதற்காக அவரைக் கோயிலுக்குள் விடவில்லை. அவருடைய சமாதியும் கோயில் வாசலுக்கு வெளியே, படிக்கட்டின் அருகில்தான் இருக்கிறது. அவருடைய பாட்டைப் பாடிக்கொண்டு எல்லாரும் உள்ளே போனார்கள். அவருடைய மக்கள் வெளியே நின்றார்கள். 1947 மே மாதத்தில் சானே குருஜி பண்டரிபுரத்தில் உண்ணாவிரதம் இருந்த பிறகே அவர்களுக்குக் கதவு திறந்தது. இடையில் ஏறத்தாழ 600 ஆண்டுகள் கடந்திருந்தன.

இதில் படிக்க வேண்டிய பாடம் என்ன? அரசு நினைத்தால் சில ஆண்டுகளில் சாலையை அகலமாக்கலாம். மனிதர் மனம் அகலமாவதற்கு நெடுங்காலம் ஆகிறது. யாத்திரை போகிறவர் வழியில் சந்திப்பவரைத் தாயாக எண்ணி வணங்குவது நல்லது. போய்ச் சேர்ந்த இடத்தில் யாராவது வெளியே நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பது அதைவிட நல்லது.

அய்யா உண்டு.