வீடும் ஆளும்: தரவுத்தளத் தொடர்பில் நேரும் பிழைகள்

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாட் காலை, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் மண்ணுள் மறைந்தன. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் பலர் பிழைத்தனர். திரும்பியபோது வீடிருந்த இடம் தெரியவில்லை. காணாமற் போனோர் நூற்றுக்கணக்கானோர் என முதனாட் செய்திகள் கூறின. பின்னர் அத்தொகை மிகக் குறைந்தது. எந்த லயத்தில் எவர் இருந்தார் என்னும் கணக்கின் அருமையை அன்று உணர்ந்தோம்.

அத்தகைய ஏட்டைக் கணினியில் அமைக்கப் புகும் மாணவர்க்காகச் சில கூறுவோம். ‘ரூபி ஒன் ரெயில்ஸ்’ என்னும் சட்டகத்தில் வீடு ஒரு மாதிரி; ஆள் மற்றொன்று. வீட்டுக்கு ஆட்கள் பலர் என்பதை ‘ஹாஸ் மெனி’ எனவும், ஆள் வீட்டைச் சேர்ந்தவர் என்பதை ‘பிலோங்ஸ் டு’ எனவும் எழுதுவர். வீட்டின் எண்ணைத் தாங்கும் அந்நியச் சாவி ஆள் அட்டவணையிலேயே இருத்தல் வேண்டும். ஆறாம் வேற்றுமை உருபு உடையவன் பெயரில் நிற்கும். இங்கோ அடையாளம் உடைமையின் பக்கம் நிற்கின்றது. இதனை மாற்றி வைத்துவிட்டு, ‘நிரல் இல்லை’ என்னும் பிழைச்செய்தி கண்டு மயங்குவோர் பலர். பெயரைக்கொண்டு இணைப்பதும் ஆகாது. ஒரே லயத்தில் இரு லெட்சுமியர் இருப்பர். முகவரியோ தோட்டம் முழுமைக்கும் ஒன்றே.

இனி, வீட்டை நீக்கினால் ஆள் என்னாவார்? ‘டிபெண்டன்ட்’ விதிக்கு ‘டெஸ்ட்ரோய்’ என்று எழுதினால் வீட்டோடு ஆளும் அழிவார். பயிற்சிப் பாடங்களிற் கண்டதையே பலரும் எழுதிவிடுகின்றனர். மீரியபெத்தவில் வீடு போயிற்று. பிள்ளை பள்ளியில் இருந்தது. ஆதலின் ‘நல்லிஃபை’ என்று எழுதுக. சாவி வெறுமையாகும், ஆள் நிற்பார்.

ஆயினும் இருவகைத் தடை நேரலாம். அந்நிரல் வெறுமையை ஏற்காததாயின் தரவுத்தளம் மறுக்கும். நிரல் ஏற்றாலும், 2016இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு முதல், புதிதாய் அமைக்கும் செயலிகளில் ‘பிலோங்ஸ் டு’ வீட்டைக் கட்டாயமாகக் கேட்கும். பின்னொரு நாள் அப்பிள்ளையின் பெயரைத் திருத்தப் புகுந்தால், ‘வீடு இருத்தல் வேண்டும்’ என்று திருத்தம் தள்ளப்படும். வீடற்றவர்க்கு ஏட்டிலும் இடமில்லை என்பது போலும்! ‘ஒப்ஷனல்’ என்று குறித்தால் அது தீரும்.

‘டெஸ்ட்ரோய்’ என அழைக்க வேண்டிய இடத்தில் ‘டிலீட்’ என அழைத்தால் மேற்கூறிய விதி எதுவும் இயங்காது. தரவுத்தளத்திலும் சாவிக் கட்டுப்பாடு இல்லையேல், இல்லாத வீட்டின் எண்ணை ஆள் சுமந்திருப்பார்.

நாம் விரும்புவது வீட்டை நீக்காத வழி. ‘குடியிருப்பு’ என மூன்றாம் அட்டவணை ஒன்றமைத்து, அதில் ஆளின் எண், வீட்டின் எண், புகுந்த நாள், விட்ட நாள் ஆகியவற்றை எழுதி, ‘ஹாஸ் மெனி த்ரூ’ என இணைத்தல் வேண்டும். 2016இல் பூனாகலைப் பகுதியில் புதுவீடுகள் கையளிக்கப்பட்டன. அங்கே குடிபுகுந்த பிள்ளைக்கு ஏட்டில் இரு நிரைகள் இருக்கும்; முதல் நிரையில் பழைய லயத்தின் எண் அப்படியே நிற்கும்.