சனிக்கிழமைக் கல்லூரி

பல்கலைக்கழக வாசலில் ஒரு காவலாளி நிற்கிறார். உள்ளே போகிறவர்களின் அடையாள அட்டையைப் பார்க்கிறார். மாணவர்கள் புத்தகப் பையோடு உள்ளே போகிறார்கள். மாலையில் திரும்பி வருகிறார்கள். அவர் வாசலிலேயே நிற்கிறார்.

ஒரு நாள் அவரும் மாணவராக உள்ளே போனால் எப்படி இருக்கும்?

அப்படி ஒன்று உண்மையாகவே நடந்தது. தில்லியில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் இருக்கிறது. 1969-இல் தொடங்கியது. அங்கே ராஜஸ்தானைச் சேர்ந்த ஒருவர் 2014 முதல் காவலாளியாக இருந்தார். வறுமையால் படிப்பைப் பாதியில் விட்டவர். மனைவியும் மூன்று பெண் குழந்தைகளும் உண்டு. வேலை பார்த்துக்கொண்டே வீட்டிலிருந்து படித்தார். 2018-இல் ஒரு பட்டம் வாங்கினார். 2019-இல் தான் காவல் காத்த பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வையே எழுதினார். தேறினார். ரஷ்ய மொழி படிக்க இடம் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 30-க்கு மேல். பத்திரிகைகளில் அவர் படம் வந்தது.

ஆனால் வகுப்பு பகலில் நடக்கும். வீட்டுச் செலவுக்கு வேலையும் வேண்டும். இரவு வேலை கிடைக்குமா என்பதே அவருக்குப் பெரிய கவலையாக இருந்தது.

வேலை பார்த்துப் படிக்கிற எல்லோருக்கும் இந்தக் கவலை உண்டு. பணம் ஒரு கவலை. நேரம் அதைவிடப் பெரிய கவலை.

தில்லியில் இன்னொரு பெரிய பல்கலைக்கழகமும் உண்டு. அதன் பெயரே தில்லிப் பல்கலைக்கழகம். 1922-இல் தொடங்கியபோது அதில் மூன்றே கல்லூரிகள். பிறகு அவை பல மடங்கு பெருகிவிட்டன. தினமும் கல்லூரிக்குப் போக முடியாதவர்களுக்கும் அங்கே வழி வைத்திருக்கிறார்கள். ஒரு வழி 1962-இல் வந்தது. தபால் வழிக் கல்வி என்று அப்போது சொன்னார்கள். முதல் வருடம் சேர்ந்தவர்கள் சுமார் 900 பேர். பிறகு அது லட்சக்கணக்கானோர் படிக்கும் இடமாக வளர்ந்தது. ஆண்களும் சேரலாம், பெண்களும் சேரலாம். இன்னொரு வழி பெண்களுக்கு மட்டும். அதைப் பற்றி ஒரு கதையாகப் பார்ப்போம். கதைதான். ஆனால் தில்லியில் இப்படிப்பட்ட வீடுகள் நிறைய உண்டு.

பீகாரிலிருந்து பிழைப்புக்கு வந்த குடும்பம் அது. தில்லியில் ஒரே அறை கொண்ட வாடகை வீடு. அம்மா, இரண்டு பெண்கள். மூத்தவள் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறாள். சின்ன வயதில் அவள் பள்ளிக்குப் போகவில்லை. முதியோர் வகுப்பில்தான் இந்தி எழுத்துக் கற்றாள். இப்போது எழுத்துக் கூட்டி வாசிப்பாள். இளையவள் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு தேறியவள். கரோல்பாக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள்.

ஒரு நாள் மூத்தவள் வேலை செய்யும் வீட்டில் இந்திப் பேப்பர் கிடந்தது. அதில் பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு. அவள் மெதுவாக வாசித்தாள். 'பெண்கள்' என்று இருந்தது. 'பட்டப்படிப்பு' என்று இருந்தது. அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டு அந்தத் தாளை வாங்கி வந்தாள்.

"இதைப் படி" என்று தங்கையிடம் கொடுத்தாள்.

தங்கை படித்தாள். தினமும் கல்லூரிக்குப் போகாமல் படிக்கும் பெண்களுக்காகத் தில்லிப் பல்கலைக்கழகம் ஒரு வாரியம் வைத்திருக்கிறது. நாடு விடுதலை பெறும் முன்பே ஏற்பட்டது. வாரத்தில் ஒரு நாள் வகுப்பு. சில கல்லூரிகளில் சனிக்கிழமை, சில கல்லூரிகளில் ஞாயிற்றுக்கிழமை. வருடத்துக்குச் சுமார் 50 நாள். மூன்று வருடம் படித்தால் பட்டம். பி.ஏ. படிக்கலாம், பி.காம். படிக்கலாம். மற்ற கல்லூரிகளுக்கு 2022 முதல் நுழைவுத் தேர்வு வந்துவிட்டது. இதற்கு அது இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் இடம் கொடுக்கிறார்கள்.

தங்கைக்கு முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே வாடியது.

"தீதி, ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போவேன்? எங்க கடைத்தெருவுக்குத் திங்கள்தானே லீவு? ஞாயிறு அன்னைக்குத்தான் கூட்டமே வரும். லாலாஜி விடமாட்டார்."

அக்காவை அங்கே தீதி என்றுதான் கூப்பிடுவார்கள். லாலாஜி என்பது கடை முதலாளி.

"சனிக்கிழமை?" என்று அக்கா கேட்டாள்.

"கேட்டுப் பார்க்கலாம். ஆனால் சம்பளத்தைப் பிடிப்பார்."

அக்கா மனக்கணக்குப் போட்டாள். தங்கைக்கு மாதம் 9,000 ரூபாய் சம்பளம். (சட்டப்படி தர வேண்டிய கூலி இதைவிட அதிகம். அது வேறு பாடம்.) ஒரு நாளுக்கு 300 ரூபாய். மாதம் நான்கு சனிக்கிழமை. 1,200 ரூபாய் போய்விடும்.

அம்மா அதுவரை பேசாமல் இருந்தாள். இப்போது சொன்னாள்: "வாடகையே பாக்கி இருக்கு."

ஒருவரும் பதில் பேசவில்லை.

அன்று இரவு தங்கை சொன்னாள்: "தீதி, தபால் வழியிலேயே சேர்ந்துடறேன். கடைக்கு லீவு போட வேண்டாம்."

"வீட்டில் எங்கே உட்கார்ந்து படிப்பே? சொல்லு பார்க்கலாம்."

தங்கை அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு மூலையில் அடுப்பு. இன்னொரு மூலையில் தண்ணீர்க் குடம். நடுவில் மூன்று பேர் படுக்கும் இடம். சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இல்லை. தபால் வழியிலும் சில நாள் வகுப்பு உண்டுதான். ஆனால் தானாகவே படித்துக்கொள்ளும் பழக்கம் வேண்டும். அது எல்லோருக்கும் வராது. தங்கைக்கு வகுப்பில் ஆசிரியர் முன்னால் உட்கார வேண்டும். அவளுக்கே அது தெரியும்.

மறுநாள் அக்கா ஐந்தாவதாக ஒரு வீட்டில் வேலை பேசிவிட்டு வந்தாள். மாதம் 1,500 ரூபாய். தங்கைக்குக் கோபம் வந்தது.

"உன்னை யார் கேட்டாங்க? உனக்கு ஏற்கெனவே இடுப்பு வலி."

"இடுப்பு என்னோடது. நீ படி."

சண்டை இரண்டு நாள் நீடித்தது. மூன்றாம் நாள் தங்கையே லாலாஜியிடம் போய்க் கேட்டாள். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "பண்டிகை மாசத்தில் லீவு கிடையாது" என்றார். அவள் யோசித்தாள். வகுப்பில் மூன்றில் இரண்டு பங்கு நாளாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தேர்வு எழுத விடமாட்டார்கள். தீபாவளிக்கு இரண்டு சனிக்கிழமை போனாலும் சமாளிக்கலாம். சரி என்றாள். அவரும் சரி என்றார்.

அடுத்த தடை விலாசத்தில் வந்தது. தில்லியில் குடியிருக்கும் பெண்கள் மட்டுமே இதில் சேரலாம். தங்கையின் ஆதார் அட்டையில் பீகார் விலாசம் இருந்தது. வீட்டுக்காரர் முதலில் வாடகைச் சீட்டு எழுதித் தரத் தயங்கினார். அம்மாதான் போய்ப் பேசி வாங்கி வந்தாள். பாக்கி வாடகைக்கும் ஒரு தேதி சொல்லிவிட்டு வந்தாள். விலாசம் மாறி வந்தபோது விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு இரண்டே நாள் இருந்தது. இப்படிக் கடைசி நேரத்தில் ஓடுவது ஆபத்து. படிக்க நினைப்பவர்கள் விலாசச் சான்று, மதிப்பெண் பட்டியல் இரண்டையும் முன்பே சரிபார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கட்டணம் தனியார் கல்லூரிகளைப் போல அதிகம் இல்லை. பஸ் செலவும் இல்லை. தில்லி அரசு பஸ்களில் பெண்கள் டிக்கெட்டுக்குப் பணம் கொடுக்காமல் போகும் திட்டம் 2019 அக்டோபரில் வந்தது. வீட்டில் படிக்க இடம் இல்லாத குறைக்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். பழைய தில்லி ரயில் நிலையத்துக்கு எதிரே பொது நூலகம் இருக்கிறது. 1951-இல் யுனெஸ்கோ உதவியோடு திறந்தது. புதிதாக எழுத்துக் கற்றவர்களுக்கும் புத்தகம் கொடுக்க வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று.

முதல் சனிக்கிழமை. தங்கை காலை ஆறு மணிக்கே எழுந்து தலை பின்னினாள். வகுப்பில் அவளைப் போலப் பலர் இருந்தார்கள். ஒருத்தி தையல் வேலை செய்பவள். ஒருத்தி குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தவள். அவளுக்கு வயது 35. அவள்தான் முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

மாலையில் தங்கை திரும்பி வந்தபோது அக்கா ஐந்தாவது வீட்டிலிருந்து இன்னும் வரவில்லை. தங்கை அரிசி களைந்து அடுப்பில் வைத்தாள். அக்கா வந்ததும் நேராகப் பையைத் திறந்தாள். புத்தகத்தை எடுத்தாள். அட்டையில் இருந்த எழுத்தை விரல் வைத்து வாசித்தாள்.

"ரா... ஜ... நீ... தி. ராஜநீதி. அரசியல் பாடமா?"

"ஆமாம் தீதி."

"உள்ளே என்ன இருக்கு? வாசி. நான் கேட்கிறேன்."

பேசிப் பார்ப்போம்

அக்கா ஐந்தாவது வீட்டு வேலையை ஏற்றுக்கொண்டது சரியா? நீங்கள் அந்த வீட்டில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

உங்கள் வாரத்தில் படிப்பதற்கு என்று எந்த நேரத்தை ஒதுக்க முடியும்? யாரிடம் கேட்டு வாங்க வேண்டும்?

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் தபால் வழியாகவோ விடுமுறை நாளிலோ படிக்க எங்கே இடம் இருக்கிறது? விசாரித்து வந்து வகுப்பில் சொல்லுங்கள்.