பேங்க் ஸ்டேட்மென்ட் கையில வேணுமா? அக்கா சொல்றேன், கேளு!

விசா, வீட்டுக் கடன், கோர்ட் கேஸ்னு வந்தா, இன்னைக்கும் சீல் வச்ச பேப்பர் கேக்கறாங்க. "எல்லாம் ஆப்லயே இருக்கும்மா"ன்னு கவுன்ட்டர்ல சொன்னா தலையாட்டிட்டு வந்துடாதே தங்கச்சி.

பாஸ்புக் உன் உரிமை: தனிநபர் சேமிப்புக் கணக்குன்னா பாஸ்புக் கட்டாயம் தரணும். அதுக்குப் பதிலா ஸ்டேட்மென்ட் போதும்னு நீ சொன்னா மாசாமாசம் தரணும். ரெண்டுக்கும் காசு வாங்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2006-லயே சொல்லியாச்சு. பாஸ்புக்கைத் தொலைச்சுட்டு டூப்ளிகேட் கேட்டாலோ, பழைய ஸ்டேட்மென்ட்டை மறுபடி கேட்டாலோ கட்டணம் உண்டு. எவ்வளவுன்னு விசாரிச்சுட்டு அப்புறம் எழுதிக் கொடு.

என்ட்ரி போடறதைத் தள்ளிப் போடாதே: ரொம்ப நாள் விட்டா, சில வங்கியில பழைய வரவு செலவு மொத்தமும் ஒரே வரியில வந்துடும். மெஷின்ல போட, பாஸ்புக்ல பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லு. சென்னையில லஸ், உஸ்மான் ரோடு பக்கம் மாச முதல் வாரம் பென்ஷன் கூட்டம். மாச நடுவுல போ.

எதுக்குன்னு சொல்லிக் கேளு: விசாவுக்கு எத்தனை மாசம் வேணும்னு முதல்லயே பார்த்துக்கோ. பக்கத்துக்குப் பக்கம் சீலும் கையெழுத்தும் வாங்கிக்கோ. கோர்ட்டுக்குன்னா, 1891-ம் வருஷத்து வங்கிப் புத்தகச் சாட்சியச் சட்டப்படி சான்றிதழோட வேணும்னு எழுதிக் கொடு. வெறும் பிரின்ட் அவுட் பத்தாது.

பிரவுசிங் சென்டர்ல பிரின்ட் எடுத்தா: ஃபைலை அழி, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணு, மெயில்லேர்ந்து லாக் அவுட் பண்ணு.

வீட்ல பெரியவங்க இருந்தா: 70 வயசு தாண்டினவங்களுக்கு வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவை தரணும்னு 2017-லயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. அரசு வங்கிகள்ல ஸ்டேட்மென்ட்டும் வீட்டுக்கே வரும்; அதுக்குத் தனிக் கட்டணம் உண்டு.

பத்திரமா வை: 2015 டிசம்பர் வெள்ளத்துல அடையாறு, கோட்டூர்புரத்துல பீரோ அடித்தட்டு வரை தண்ணி. பாஸ்புக்கை ஜிப் கவர்ல போட்டு மேல் தட்டுல வை. லெட்ஜர்களை வங்கி 8 வருஷமாவது வச்சிருக்கணும்னு விதி. அதுக்கும் முந்தினது கிடைக்கும்னு நம்பி இருக்காதே.

தர மறுத்தா: மேனேஜருக்கு லெட்டர் எழுதி, நகல்ல சீல் வாங்கு. 30 நாள்ல பதில் வரலைன்னாலோ, பதில் திருப்தியா இல்லைன்னாலோ, ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்)கிட்ட புகார் கொடு; விவரம் கேக்க 14448. ஒண்ணு கவனி: 1872-லேர்ந்து இருக்கிற மயிலாப்பூர் ஹிந்து பெர்மனென்ட் ஃபண்ட் மாதிரி நிதிகள் வங்கி கிடையாது, இந்த ஒம்புட்ஸ்மன் அவங்களுக்கு இல்லை.

தேவை வந்த அன்னைக்கு ஓடாதே. இந்த வாரமே போய் என்ட்ரி போட்டுட்டு வா!