கடையின் பெயரைத் தேடினால் முதலில் தெரிவது எது?

செகந்திராபாத் இரயில் நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருக்கும் பயணி ஒருவர், ஊருக்குப் பழ பிஸ்கட் வாங்கிச் செல்ல எண்ணிக் கைப்பேசியில் கடையின் பெயரைத் தேடுகிறார். கடையின் சொந்த இணையப் பக்கத்துடன், சில வேளைகளில் அதற்கும் மேலாக, முகம் தெரியாதோர் நடத்திய உரையாடல் ஒன்று தோன்றுகிறது. அவர் முதலில் வாசிப்பது அதைத்தான்.

இந்நிலை தற்செயலாக வந்ததன்று. கூகுள் நிறுவனம் 2022-இல் விவாத மன்றங்களுக்குத் தேடல் முடிவுகளில் தனிப் பகுதி அளித்தது. 2024 பிப்ரவரியில் ரெட்டிட் மன்றத்துடன் ஒப்பந்தமும் செய்துகொண்டது. விளம்பரங்களில் சலிப்புற்ற மக்களும் பொருளின் பெயரோடு மன்றத்தின் பெயரையும் சேர்த்தே தேடுகின்றனர். ஆகவே, மன்றத்தைக் கீழே தள்ள முயல்வது பெரும்பாலும் வீண்செலவு.

இரட்டை நகரங்களில் பெயரினாலேயே கேள்விக்கு ஆளான நிறுவனம் கராச்சி பேக்கரி. பிரிவினையின்போது இந்தியா வந்த சிந்தி குடும்பத்தினரான கான்சந்த் ராம்னானி, 1953-இல் ஐதராபாத்தில் இதனைத் தொடங்கினார். இரு நாடுகளுக்கிடையே பதற்றம் எழும்போதெல்லாம், “இது யாருடைய நிறுவனம்?” என்ற வினாவும் உடன் எழுகிறது. 2019 பிப்ரவரியில் பெங்களூருக் கிளையின் முன் கூட்டம் திரண்டபோது, பெயர்ப்பலகையில் ‘கராச்சி’ என்ற சொல் மறைக்கப்பட்டது. 2025 மே மாதத்திலும் எதிர்ப்பு எழுந்தது. இருமுறையும் நிறுவனம் கூறிய விடை ஒன்றே: தோற்றுவித்தவர் யார், எங்கிருந்து வந்தார், எந்த ஆண்டு தொடங்கினார் என்பதே அது. வசைக்கு வசை கூறாமல் வரலாற்றை முன்வைத்தது சரியான வழி என்பதே நம் கருத்து. எனினும், கூட்டம் திரண்ட பின் வெளியிடும் விளக்கத்தைவிட, தேடுவோர் கண்ணில் முன்பே படும்படி நிற்கும் விளக்கம் வலிமை மிக்கது.

வதந்தி அன்றி, குறை உண்மையாகவே இருந்தால்? இராணிகஞ்சில் நீரேற்றும் பம்பு விற்கும் வணிகர் ஒருவரைக் கொள்வோம். உத்தரவாதக் காலத்தில் பழுதுபார்க்க மறுத்தார் என ஒருவர் மன்றத்தில் எழுதுகிறார். வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பினால் அந்த அறிவிப்பே அடுத்த விவாதப் பொருளாகிவிடும். கடையின் பெயரை வெளிப்படையாகக் கூறி அதே இடத்தில் மறுமொழி எழுதுவதே நன்று: விலைச்சீட்டின் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புமாறு கோரி, பழுதை நீக்கி, நீக்கிய செய்தியையும் அங்கேயே பதிய வேண்டும். இரண்டாண்டு கழித்துத் தேடுபவரும் குறையையும் தீர்வையும் ஒருங்கே காண்பார். பலர் முதல் மறுமொழியோடு நின்றுவிடுகின்றனர். அது பாதி வேலையே.

வாடிக்கையாளர் போல வேடமிட்டுத் தம்மைத் தாமே புகழ்ந்து எழுதுவோரும் உளர். மன்றத்தார் இதனை எளிதில் கண்டுபிடித்துவிடுவர். 2022 நவம்பரில் இந்திய தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட ஐ.எஸ். 19000 தரநிலையும் விலைக்கு வாங்கிய மதிப்புரைகளை ஏற்பதில்லை.

வங்கி வாடிக்கையாளர் என்ற முறையில் நம்மை நேரடியாகத் தொடுவது வேறொன்று. “இந்நிறுவனத்தின் சேவை எண் யாது?” என மன்றத்தில் எவரேனும் கேட்க, நிறுவனம் விடையளிக்காவிடில், மோசடியாளர் தம் எண்ணை அங்கே இட்டுவிடுகின்றனர். அதுவும் தேடலில் மேலே வரலாம். எனவே வணிகர்கள் மாதம் ஒருமுறையேனும் தம் கடைப்பெயரோடு ‘சேவை எண்’ என்று சேர்த்துத் தேடிப் பார்த்து, பொய்யான எண் இருப்பின் மன்ற நிர்வாகத்துக்குத் தெரிவித்து, சரியான எண்ணை அங்கேயே எழுதுதல் வேண்டும். வாங்குவோர் சேவை எண்ணை விலைச்சீட்டிலிருந்தோ பெட்டியின் மேலிருந்தோ எடுத்துக்கொள்க. பொய் எண்ணை நம்பிப் பணம் இழந்தவர் தாமதமின்றி 1930 என்ற தேசிய உதவி எண்ணையும், கணக்குள்ள வங்கிக் கிளையையும் அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்கு மாறுமுன் நிறுத்திவைக்கும் வாய்ப்பு முதல் சில மணி நேரத்திலேயே மிகுதி.