பள்ளியில் சக மாணவர் துணை

உலகெங்கும் மாணவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர், ஒரு மாத காலத்தில் ஒருமுறையேனும், உடன் பயில்வோரின் கொடுமைக்கு ஆளாவதாக யுனெஸ்கோ 2019இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. கேலி, மிரட்டல், அடி, கூட்டத்தினின்று ஒதுக்கிவைத்தல் ஆகிய யாவும் இதில் அடங்கும். அஞ்சிய மாணவர் பள்ளிக்கு வரத் தயங்குகிறார், படிப்பில் பின்தங்குகிறார்.

வளரிளம் பருவத்தினர் இத்துன்பத்தைப் பெரியோரிடம் கூறக் கூசுவர், தோழரிடம் கூறுவர். 2014இல் தொடங்கப்பெற்ற தேசிய வளரிளம் பருவத்தினர் நலத்திட்டம், இளைஞருக்கு வழிகாட்ட இளைஞரையே தெரிந்தெடுத்துப் பயிற்றுவித்தமைக்கு இதுவே அடிப்படை எனலாம். பின்லாந்தின் 'கிவா' திட்டமும் வேடிக்கை பார்த்து நிற்கும் மாணவரையே துணைவராக மாற்ற முயல்கிறது. ஏனெனில், பார்ப்போரின் சிரிப்பே கொடுமை செய்வோருக்கு ஊக்கமாகும்.

துணைவரின் கடமைகள் மூன்று: இடைவேளையில் உடனிருத்தல், குறுக்கிடாது கேட்டல், ஆபத்து உண்டெனில் ஆசிரியரிடம் தெரிவித்தல். விசாரணையும் தண்டனையும் அவர் பணியன்று. இரகசியம் காப்பதாக உறுதி கூறுதலும் தகாது. ஆசிரியர் பின்னின்று காவாவிடில் துணைவரே அடுத்த இலக்காவார். ஆதலின், மாணவரைத் தெரிந்தெடுக்குமுன் பொறுப்பாசிரியரை நியமித்தலே பள்ளியின் முதற்கடமையாகும்.