பச்சைத் திரை ஜெயித்த கதை
(கேம் பாய் – கேம் கியர்: ஓர் ஒப்பீடு)



எந்தப் பொருளைப் பற்றிப் பேச்சு வந்தாலும் "எது பெருசு? எதுல கலர் அதிகம்?" என்றுதான் நாம முதலில் கேட்கிறோம். அறிவியல் பரீட்சையில் 'ஒப்பிடுக' என்று வந்தால் மட்டும் நடுவில் கோடு போட்டு இரண்டு பக்கமும் ஒழுங்காக எழுதுகிறோம். அதே முறையில் இரண்டு வீடியோ கேம் பெட்டிகளை இங்கே ஒப்பிட்டிருக்கிறேன். இரண்டும் ஜப்பான் கம்பெனிகள் செய்தவை. டி.வி. வேண்டாம், கையில் பிடித்தே விளையாடலாம்.

திருவிழாக் கடையில் 'பிரிக் கேம்' பார்த்திருப்பீர்கள். மேலே இருந்து கட்டை கட்டையாக விழுமே, அந்த விளையாட்டும் இந்தக் கதையில் வரும்.

1. ஒப்பிடுக

பெயர்: கேம் பாய் / கேம் கியர்
கம்பெனி: நின்டெண்டோ / சேகா
ஜப்பானில் வெளிவந்தது: 1989 ஏப்ரல் / 1990 அக்டோபர்
அங்கே முதல் விலை: 12,500 யென் / 19,800 யென்
திரை: பச்சை கலந்த 4 சாயல் மட்டும் / கலர், ஒரே நேரத்தில் 32 நிறம்
திரைக்குப் பின்னால் விளக்கு: இல்லை / உண்டு
போட வேண்டிய பென்சில் செல்: 4 / 6
செல் தாங்கும் நேரம்: சுமார் 15 மணி, சில சமயம் அதற்கு மேலும் / 3 முதல் 5 மணி

திரையை மட்டும் பார்த்தால் கேம் கியருக்குத்தான் எல்லாரும் ஓட்டுப் போடுவோம். இருட்டில்கூட அதில் விளையாடலாம். தனியாக ஒரு கருவி வாங்கி மாட்டினால் டி.வி.கூடப் பார்க்கலாம். கேம் பாயில் வெளிச்சம் நன்றாக இருக்கும் இடமாகப் பார்த்து உட்கார வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றும் தெரியாது.

2. செல் ஏன் சீக்கிரம் தீர்ந்தது?

கேம் கியர் திரைக்குப் பின்னால் ஒரு குட்டி டியூப் லைட் இருக்கிறது. விளையாடும் நேரம் முழுக்க அது எரிந்துகொண்டே இருக்க வேண்டும். கேம் பாய் திரை சொந்தமாக வெளிச்சம் தராது. நம்ம கால்குலேட்டர் மாதிரி, வெளியில் இருந்து விழும் வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டும். அதனால் மின்சாரம் ரொம்பக் குறைவாகவே செலவாகும்.

இப்போது ஒரு கணக்கு. 30 மணி நேரம் விளையாட எத்தனை செல் வேண்டும்?

கேம் பாய்: 30 ÷ 15 = 2 தடவை. 2 × 4 = 8 செல்.
கேம் கியர் (4 மணி என்று வைத்தால்): 30 ÷ 4 = 7½, அதாவது 8 தடவை. 8 × 6 = 48 செல்.

ஒரு செல் 15 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கேம் பாய்க்கு 120 ரூபாய், கேம் கியருக்கு 720 ரூபாய்! பெட்டியை ஒரு தடவைதான் வாங்குவோம். செல்லை வாங்கிக்கொண்டே இருக்கணும்.

கேம் பாயை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பேய் யோக்கோய். புதுசாக வந்த விலை உயர்ந்த பொருளைத் தேடி ஓடாமல், நன்கு பழகிய மலிவான பொருளைப் புது விதமாகப் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் கொள்கை.

3. எந்த விளையாட்டுகள்?

பெட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உள்ளே போட விளையாட்டு வேண்டுமே. கேம் கியரில் சோனிக் என்ற நீல முள்ளெலி ஓடும் விளையாட்டும், ஒரே நிறக் கற்களைச் சேர்க்கும் காலம்ஸும் இருந்தன. கேம் பாயில் சூப்பர் மாரியோ லேண்ட் இருந்தது. அமெரிக்காவில் 1989-இல் விற்றபோது பெட்டியோடு டெட்ரிஸ் விளையாட்டையும் சேர்த்தே கொடுத்தார்கள்.

டெட்ரிஸை 1984-இல் மாஸ்கோவில் உருவாக்கியவர் அலெக்ஸி பஜித்னோவ். நான்கு நான்கு கட்டங்களால் ஆன 7 வடிவங்கள் விழும். இடைவெளி இல்லாமல் அடுக்கணும், அவ்வளவுதான். கதை கிடையாது, படிக்க வேண்டிய எழுத்தும் கிடையாது. இதற்குக் கலர் அவசியமே இல்லை! பிரிக் கேமில் விழுவதும் இதே கட்டைகள்தான்.

4. பெயரோ 'பாய்', ஆடியது யார்?

தோழிகளே, இதைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். பெட்டியோடு எந்த விளையாட்டைக் கொடுப்பது என்று பேச்சு வந்தபோது, பையன்கள் மட்டும் போதும் என்றால் மாரியோவைக் கொடுங்கள், எல்லாரும் விளையாட வேண்டும் என்றால் டெட்ரிஸைக் கொடுங்கள் என்று எடுத்துச் சொன்னதாக ஹெங்க் ரோஜர்ஸ் என்பவர் பின்னாளில் கூறியிருக்கிறார். டெட்ரிஸைக் கேம் பாய்க்குக் கொண்டுவந்தவர் அவர்.

1995-இல் நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளை ஒரு கணக்கு வெளியிட்டது. கேம் பாய் விளையாடுபவர்களில் 100-க்கு 46 பேர் பெண்கள்! கிட்டத்தட்டச் சரிபாதி. நம்ம ஊரில் இப்படி ஒரு பெட்டியைக் கையில் எடுத்தால் "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இது? உள்ள போய் வேலையப் பாரு" என்பார்கள். பெண்களுக்கு ஆர்வம் இல்லை என்பது பொய். கையில் கொடுத்துப் பார்த்தால் தெரியும்.

5. முடிவு

கேம் கியர் சுமார் 1 கோடியே 6 லட்சம் விற்றது. அது குறைவில்லைதான். ஆனால் கேம் பாயும், பின்னால் வந்த கேம் பாய் கலரும் சேர்ந்து 11 கோடியே 86 லட்சத்துக்கு மேல் விற்றன. 1996-இல் போக்கிமான் வந்ததும் பழைய கேம் பாய்க்கு மறுபடி மவுசு வந்தது. இரண்டு பெட்டிகளை ஒயரால் இணைத்து, நண்பர்கள் தங்கள் போக்கிமான்களை மாற்றிக்கொண்டார்கள்.

ஆகவே செல்போனோ சைக்கிளோ கால்குலேட்டரோ, எதை ஒப்பிட்டாலும் மூன்று கேள்வி கேளுங்கள்:
(அ) வாங்கிய பிறகு என்ன செலவு?
(ஆ) எவ்வளவு நேரம் உழைக்கும்?
(இ) யார் யாருக்குப் பயன்படும்?
பளபளப்பை நான்காவதாகப் பார்த்தால் போதும்.

உங்களுக்குத் தெரியுமா?
1993-இல் ரஷ்ய விண்வெளி வீரர் அலெக்சாண்டர் செரிப்ரோவ், கேம் பாயையும் டெட்ரிஸையும் மிர் விண்வெளி நிலையத்துக்கே எடுத்துச் சென்றார்!

மூளைக்கு வேலை
டெட்ரிஸின் 7 வடிவங்களையும் அட்டையில் வெட்டுங்கள். மொத்தம் 28 கட்டம். 4 × 7 செவ்வகத்திலும் 28 கட்டம். ஒவ்வொரு வடிவத்தையும் ஒரு தடவை மட்டும் வைத்து அதை நிரப்ப முடியுமா? (குறிப்பு: செவ்வகத்துக்குச் செஸ் போர்டு மாதிரி கறுப்பு வெள்ளை அடியுங்கள். ஆங்கில 'டி' மாதிரி இருக்கும் வடிவம் எத்தனை கறுப்பு, எத்தனை வெள்ளையை மறைக்கிறது என்று பாருங்கள்.) விடை அடுத்த இதழில்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி