எம்.சி.பி. மட்டும் போதாதா?

கேள்வி: வீட்டில் எம்.சி.பி. இருக்கிறது. ஆர்.சி.சி.பி.யும் போடச் சொல்கிறார் எலெக்ட்ரீஷியன். வீண் செலவுதானே?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இல்லை, அவர் சொல்வதைக் கேளுங்கள். எம்.சி.பி. காப்பது வயரைத்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால், அதைத் தாண்டி லோடு ஏறினாலோ, ஷார்ட் சர்க்யூட் ஆனாலோதான் விழும். மனித உடலிலோ 30 மில்லி ஆம்பியருக்கு மேல், அதாவது வெறும் 0.03 ஆம்பியருக்கு மேல் பாய்ந்தாலே இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம். ஈரக் கையோடு கிரைண்டரைத் தொட்டு ஷாக் அடித்தால், எம்.சி.பி. அசையாமல் நிற்கும்.

ஆர்.சி.சி.பி.யின் வேலை வேறு. பேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். கொஞ்சம் உடல் வழியாகத் தரைக்குக் கசிந்தாலும் கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். 30 மில்லி ஆம்பியர் என்று அச்சிட்டதையே கேட்டு வாங்குங்கள். 100, 300 என்றும் கடையில் இருக்கும். அவை ஆளைக் காக்கப் போதாது.

ஓவர்லோடை ஆர்.சி.சி.பி. கவனிக்காது. எனவே எம்.சி.பி.யும் இருக்கட்டும், எர்த்தும் சரியாக இருக்கட்டும். மாதம் ஒருமுறை ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். கரண்ட் இருந்தும் விழாவிட்டால், அன்றைக்கே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.